அடங்காத புல்லரிப்பு

"இந்தக் கை இப்படி ஆனதுல இருந்து அவரு என்னத் தொட்டதே இல்லம்மா."

சுடலைமாடத்தி அதைச் சொன்ன விதத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ரேஷன் கடையில் இன்னும் அரிசி வரவில்லை என்பதுபோல் சொன்னாள்.

வலியசாலை கிளினிக்கில் அன்று அவள் முப்பத்தெட்டாவது ஆள். காலையிலிருந்து சொறி, படை, பரு என்று பார்த்துப் பார்த்துத் தோல் டாக்டர் ராஜஸ்ரீக்கு மனசே மரத்துப்போயிருந்தது. மலையாளத்தில் தொடங்கினவள், இவள் பேச்சைக் கேட்டதும் வீட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்டாள்.

மேல்கை இரண்டிலும் புல்லரித்த மாதிரி பொடிப்பொடியாக மேடு. தொட்டால் சொரசொரவென்றிருந்தது. இடது மணிக்கட்டு எப்போதோ உடைந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது.

"இதென்ன?"

"படியில விழுந்தேன்."

"சரி, இந்தப் பொரிப்பொரி எத்தனை நாளா?"

"சின்னதுலயே லேசா உண்டும்மா. சித்திரையில ஊருக்கு, சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போனோம். மேளம் அடிக்கையிலதான் எங்க வீட்டுக்காரரு கவனிச்சாரு. அன்னைக்குக் கைய விட்டவருதான்." குரல் இறங்கியது. "இப்ப மழை தொடங்கினதுல இருந்து கொறைஞ்சுட்டே வருது..."

"குறையறது நல்லதுதானே! ஈரக்காத்துக்கு அப்படித்தான். சாரமில்லை, கேட்டோ, பயப்பட ஒண்ணுமில்லை. இது யாருக்கும் ஒட்டாது. மயிர்க்காலைத் தோலே அடைச்சுக்கறது, அவ்வளவுதான்."

அட, இதற்காகவா ஒரு மனுஷன் பெண்டாட்டியை ஒதுக்கி வைப்பான்! டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டை இழுத்து விறுவிறுவென்று எழுதினாள்.

"நார் போட்டுத் தேய்க்காதே. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி விட்டுக்காதே. குளிச்ச ஈரத்தோட இந்த க்ரீமைத் தடவிக்கோ. அடியோட போகாது, ஆனா விடாமப் போட்டா நன்னா அடங்கும்."

"தேச்சா கூடுமாம்மா? சுடுதண்ணிக்கும் கூடுமா?"

"கூடும். அதான் வேண்டாங்கறேன். மூணே மாசம். கை மழமழன்னு ஆயிடும். அப்புறம் பாரு, உன் வீட்டுக்காரர் உன் கையை விடவே மாட்டார்!"

சுடலைமாடத்தி சீட்டை எடுக்கவில்லை. ஒரு விரலால் அதை டாக்டர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"சாமி எறங்குன கைன்னு பயந்துதாம்மா ரெண்டு மாசமா அவரு என்னை அடிக்காம கெடக்காரு."

ராஜஸ்ரீ அந்தக் கோணல் மணிக்கட்டைத் திரும்பவும் பார்த்தாள்.

"கொறைக்க வேண்டாம்மா. கூட்டித் தாங்க."