மண்டிக்காரர் ரத்தம்

ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டிக்குள் அழுதுகொண்டே நுழைந்தாள் மணிமேகலை. கையில் கணவனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

"ஏனுங்க, கிட்னி பாதிக்கு மேல போயிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு! இன்னும் உங்களுக்கு ஏலம் ஒரு கேடா?"

பாண்டியராஜ் சிரித்தார். "அழாத புள்ள. அது என் ரத்தமே இல்ல. காலைல ஏலத்தை விட்டுட்டு லேப்ல போய் உக்கார முடியுமா? ஒவ்வொரு தடவையும் நம்ம லோடுமேன் சூசையைத்தான் என் பேர்ல அனுப்புறேன்."

"அப்பாடா! உசுரே வந்துச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டியை இறக்கிவிட்டு வந்த சூசை தயங்கி நின்றார். "முதலாளி, இந்தத் தடவை நம்ம ரத்தம் எப்படிங்க இருக்கு?"

பாண்டியராஜ் வாசலில் நின்ற கேரளா லாரியைப் பார்த்தார். மணிமேகலை ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நல்லா இருக்குதுங்கண்ணா."

"அப்புறமென்ன சூசை, லோடை ஏத்து."