சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி

2015-இல், கனடாவின் சர்ரேயில், சமையலறை ஜன்னல் வெயில் முதுகில் விழும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மனைவி ரூபிந்தர் சுட்டுப்போடும் மக்காச்சோள ரொட்டியை மென்றபடி சட்டம் பேசுகிறார் தேஜ்பால் மகாராஜா. "உங்கப்பா படுத்துட்டாருன்னு ஜலந்தருக்கு ஓடிடாதே. ரெண்டு வருஷம் என்கூடச் சேர்ந்து வாழ்ந்தாத்தான் இங்க நெரந்தரமாத் தங்குற உன் பி.ஆர். நிக்கும். ஸ்பான்சர் பண்ணி உன்னைக் கூட்டிட்டு வந்தவன் நான், தெரியுமில்ல?" தாடியில் வெண்ணெய் வழிகிறது. ரூபிந்தர் கையிலிருக்கும் மாவைத் துடைத்துவிட்டு, அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் தட்டருகே விரிக்கிறாள். போன தேதியும் வந்த தேதியும் முத்திரையில் பளிச்சென்று தெரிகின்றன. "நெலம் விக்கிறேன்னு ஏழு மாசம் ஜலந்தர்ல கெடந்தது யாருங்க ஜீ? அப்ப என்கூடச் சேர்ந்து வாழ்ந்தது இந்த அடுப்புதான். ஸ்பான்சர்னு அது பேரையே எழுதிக் குடுத்துடவா?" கல்லில் ரொட்டி கருகுகிறது. அவள் அதைத் திருப்பிப் போடுவதாக இல்லை.