பதினாலாவது கேள்வி

“ஆராய்ச்சின்னா எலியை வச்சுப் பண்ண வேண்டியதுதானே டாக்டரம்மா? மனுஷன் கால் எதுக்கு?”

“எங்கே வலிக்குதுன்னு எலி வாயைத் திறந்து சொல்லுமா அய்யா?” என்று சிரித்தார் டாக்டரம்மா.

“இவரும் சொல்ல மாட்டாரு. அந்த விஷயத்துல எலியும் இவரும் ஒண்ணுதான்” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

பெயிண்டர் அவளை முறைத்தார். அறுபத்தெட்டு வயசு. இன்றைக்கும் மூன்று மாடிக்கு ஏணி போட்டு ஏறி வெளிச்சுவர் அடிக்கிற ஆள். ஆறு மாதமாக வலது கணுக்கால் காலையில் மரக்கட்டை மாதிரி இறுகிக்கொள்கிறது. மூட்டுத் தேய்மானமாம். முதலில் பார்த்த டாக்டர், திருகாணி போட்டு மூட்டை ஒரேயடியாக இறுக்கிவிடலாம் என்றார். இறுக்கினால் வலி போகும். ஏணியும் போகும்.

இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தால் இறுக்க மாட்டார்கள். காலைச் சுற்றி வெளியே ஒரு வளையம் மாட்டி, எலும்பைக் கொஞ்சம் விலக்கிவைத்து மூன்று மாதம் பார்ப்பார்களாம். இரண்டே இடம்தான் பாக்கி. அதனால்தான் எவரையும் நம்பாத மனுஷன் இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதும் சும்மா இல்லை. ஒப்புதல் தாளை மனைவியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லி, “சின்ன எழுத்துல எதையோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, நல்லாப் பாரு” என்று நச்சரித்தார்.

படிவத்தைப் பார்த்து டாக்டரம்மா கேட்ட பதின்மூன்று கேள்வி வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது.

“பதினாலு” என்ற டாக்டரம்மா, விளக்குப் பலகையில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயைப் பேனாவால் தொட்டார். “இதோ, வெளிப்பக்கம், உடைஞ்சு ஒட்டின அடையாளம். ரொம்பப் பழசு. எப்போ, எப்படி விழுந்தீங்க?”

“விழவே இல்லை.”

“எலும்பு தானா உடையாது அய்யா.”

“உங்க மெஷின் பொய் சொல்லுது.”

“பழைய அடியால வந்த தேய்மானத்துக்குத்தான் இந்த ஆராய்ச்சியே. எப்படி அடிபட்டதுன்னு தெரியாம உங்களைச் சேர்க்க முடியாது.”

பெயிண்டர் தொண்டையைச் செருமினார். “சரி, எழுதிக்கோங்க. ஏணியிலேர்ந்து விழுந்தேன்.”

“ஏணியிலேர்ந்தா?” மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு தடவைகூட விழுந்தது கிடையாதுன்னு வர்றவன் போறவன்கிட்டெல்லாம் பீத்திக்குவீங்களே!”

“ஒரே ஒரு தடவை விழுந்தேன். உன்கிட்ட சொல்லலை.”

“எந்தக் கட்டடம்?”

“இடிச்சிட்டாங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க ஒருத்தர் தப்பாச் சொன்னா நூத்தி இருபது பேர் கணக்கும் தப்பாயிடும் அய்யா. இதைப் பார்த்துத்தான் நாளைக்கு இன்னொருத்தர் காலுக்கு வைத்தியம் முடிவாகும்.”

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். “அப்போ இவளைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்க. சொல்றேன்.”

“சாட்சிக் கையெழுத்து அவங்கதானே போடணும்? கூட இருந்தாகணும்.”

“காதால கேட்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் மனைவி. “யாரையும் நம்பாதேன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?”

பெயிண்டர் கதவைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஏணி மிஞ்சும். ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்து, இந்த ஆறு மாதமும் முகம் சுளிக்காமல் இதே காலுக்குத் தைலம் தேய்த்தவள் முகம் என்ன ஆகும்? வேறு எவள் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம். இவள் முன்னால் முடியாது.

எழுந்துவிட்டார்.

“வேணாம் டாக்டரம்மா. காலை இறுக்கியே விட்டுடறேன். தரையில நின்னு அடிக்கிற சுவரும் உலகத்துல இருக்கத்தான் செய்யுது.”

கதவை நோக்கி நாலு அடி நொண்டியிருப்பார்.

“உட்காருங்க” என்றாள் மனைவி. “டாக்டர், நீங்க எழுதுங்க. நாற்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி. எங்க கல்யாணத்தன்னிக்கு, விடியக்காலை. பொண்ணு முகத்தைக்கூடப் பார்க்காத மாப்பிள்ளை பயந்துபோய், மண்டபத்துப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சு ஓடப் பார்த்தாரு. கால் மடங்கிடுச்சு. நொண்டி நொண்டி முன்வாசல் வழியா உள்ளே வந்து, வீங்கின காலைப் புது ஷூவுக்குள்ள திணிச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னாரு. நாள் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தாரு, பாவம்.”

பெயிண்டர் திரும்பி வந்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“உனக்கு... இத்தனை வருஷமாவா தெரியும்?”

“சுவரடியில உட்கார்ந்து, காலைப் பிடிச்சுக்கிட்டு ‘அம்மா, அம்மா’ன்னு அழுதீங்களே. என்னைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருத்தர் இருக்காரேன்னு அப்பத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இந்த ஆளோட குடும்பம் நடத்திடலாம்னு தோணுச்சு.”

“எங்கேயிருந்து பார்த்தே? மாடி ஜன்னல்லேர்ந்தா?”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்தைப் போட்டாள்.

“சுவர் எட்டடி உயரம், அதையும் எழுதிக்கோங்க டாக்டர். இவருக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அதே சுவரைத் தாண்டிக் குதிச்சவ நான்தான்.”