பின்சீட்டுப் புகார்

கழற்றிக் கொண்டுவந்த பைக் சீட்டைத் தையல் மேசையின்மீது தொப்பென்று போட்டார், ஓய்வுபெற்ற தபால்காரர்.

"மூணாவது தடவைப்பா! மகள் வீடு நூத்திருபது கிலோமீட்டர். இருபது தாண்டுறதுக்குள்ள, இடுப்பு போச்சு, சூடு தாங்கலைன்னு வண்டியை நிறுத்தச் சொல்றா என் வீட்டுக்காரி. நிழல் கண்ட இடமெல்லாம் இறங்கி உக்காந்தா எப்பப் போய்ச் சேர்றது?"

"ஜெல் மெத்தை வச்சேன், காத்து போற வலைத்துணியும் போட்டேன். இதுக்கு மேல கட்டில்தான் போடணும், சார்," என்றார் சீட்டுக் கடைக்காரர்.

"கிண்டல் வேறயா? தொழில் தெரியலைன்னா கடையை மூடு!"

கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இருபது ஆண்டுகளில் அவரிடம் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

"சொல்லக்கூடாதுன்னு உங்க வீட்டம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா தொழிலைப் பழிச்சா நான் பொறுக்க மாட்டேன். நேத்து போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாங்க. சீட்டு பஞ்சு மாதிரி இருக்காம்."

"அப்புறம் ஏன் நிறுத்தச் சொல்றா?"

"வெயில்ல ஓட்டிக்கிட்டே நீங்க கண் அசந்துடறீங்களாம். ஹெல்மெட் முன்னால சாயுறதைப் பார்த்துப் பின்னால நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. தூக்கமான்னு கேட்டா, 'எனக்கா?'ன்னு குதிப்பீங்களாம். அதான், பழியை என் சீட்டு மேல போட்டாங்க."

தபால்காரர் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையருகே நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பின்சீட்டு அப்படியே இருக்கட்டும். முன்சீட்டு மெத்தையை உருவிட்டு, நல்ல பலகையா ஒண்ணு வச்சுத் தைச்சுடுப்பா. அவளுக்குத் தெரிய வேண்டாம்."