ஒரே ஒரு கூடை

"முழங்காலை மடக்குங்க மேடம். கையால தூக்குனா பந்து போவாது. கால்லேர்ந்து வரணும்."

பயிற்சியாளர் ஜெபின் சொன்னபடி முழங்காலை மடக்கினாள் பட்டு. மடக்கியதெல்லாம் சரிதான், நிமிரும்போதுதான் 'அம்மாடி' என்று ஒரு சத்தம் வந்தது. பந்து வளையத்தின் பக்கமே போகாமல் கீழே விழுந்து உருண்டு ஓடியது.

மாடம்பாக்கம் மைதானத்துக்குக் காலை நடைக்கு வந்தவர்கள் நடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சுடிதாரும் புது ஷூவுமாக, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு வங்கி அதிகாரி பாஸ்கெட்பால் பழகுவதை அவர்கள் வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

பட்டு யாரையும் கண்டுகொள்ளவில்லை. ஓடிப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுமா சார்?"

"வந்த மொத நாள்லேர்ந்து இதே கேள்விதான் கேட்டுக்கினு இருக்கீங்க மேடம்."

உண்மைதான். "ஒரு மேட்ச் இருக்கு சார். ஒரே ஒரு கூடை போட்டாப் போறும். ஆனா போட்டே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டுதான் அவள் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்கு வந்தவள் மாதிரியே இல்லை, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தது. கிளைகளுக்கு இடையே ஏதோ போட்டி போலிருக்கிறது, வங்கிக்காரர்களுக்குக் கௌரவப் பிரச்சினை என்று ஜெபின் நினைத்துக்கொண்டான்.

முதலில் அவன் பந்தையே கொடுக்கவில்லை. கோட்டுக்குக் கோடு ஓட விட்டான், உட்கார்ந்து எழச் சொன்னான், வங்கியில் லிஃப்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டான். இரண்டு நாளில் ஓடிப்போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ முழங்காலில் தைலம் மணக்க, தினமும் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

இந்தப் பிடிவாதத்தில் பாதி தன் கேப்டனுக்கு இருக்கக் கூடாதா என்று ஜெபினுக்கு ஏக்கமாக இருந்தது. பெண்கள் அணிக்கு அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. கேப்டன் ஸஹானா மைதானத்துக்கு வந்தே பல நாளாகிறது. போன இறுதி ஆட்டத்தில் கடைசி ஷாட்டைத் தவறவிட்டு, அணி தோற்று, அழுதுகொண்டே போனவள்தான். போனை எடுப்பதில்லை. அவளை வழக்கமாகக் கூட்டிப்போக வரும் அப்பா ஸ்ரீரங்கனிடம் கேட்டால், "ரூமை விட்டே வரமாட்டேங்கறா சார்" என்று கையை விரித்துவிட்டார். அவள் இல்லாமல் அணியே இல்லை.

"உங்களைத் தடுக்கப்போறது யாரு மேடம்? உங்க வயசா?"

"இல்ல சார், சின்னப் பொண்ணு. என்னைவிட ஒரு ஜாண் உயரம். நன்னா ஆடுவா."

"பேஜார்தான்." ஜெபின் தலையைச் சொறிந்தான். "சரி, ஒரு வழி கீது. சின்னப் பசங்களுக்குப் பொறுமை கெடையாது. பந்தைப் போடற மாதிரி தூக்கிக் காட்டுங்க, ஆனா போடாதீங்க. அவ எகிறிக் குதிப்பா. கீழ எறங்கறதுக்குள்ள நீங்க ஒரு எட்டு பக்கத்துல வச்சு, போட்டுடுங்க."

"குதிக்கலேன்னா?"

"குதிப்பா மேடம். எங்க கேப்டன் ஸஹானாவே இதுல மாட்டுவா. எத்தினியோ தபா சொல்லிட்டேன், கேட்டதே இல்ல."

"எப்பவுமே மாட்டுவாளா?"

"எப்பவுமே." ஜெபினின் குரல் இறங்கியது. "நல்ல பொண்ணு மேடம். ஒரு ஷாட் போச்சுன்னா ஆட்டமே போச்சுன்னு உக்காந்துட்டா. அவ வரலன்னு எனக்குக் கோவமில்ல. பயந்துட்டாளேன்னுதான் மனசு கஷ்டமா கீது."

பட்டு பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்கோ சார். போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

ஜெபின் கையை உயர்த்தி நின்றான். பட்டு பந்தைத் தூக்கிக் காட்டினாள். அவன் வேண்டுமென்றே குதித்தான். அவள் பக்கத்தில் ஓர் எட்டு வைத்துப் போட்டாள், பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது. மறுபடி, மறுபடி. வெயில் ஏறி, வங்கிக்கு நேரமாகும்வரை விடவில்லை. சனிக்கிழமை ஒருவழியாக உள்ளே விழ ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை பட்டு நொண்டிக்கொண்டே வந்தாள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"இன்னா மேடம், மேட்ச் என்னாச்சு?"

"போட்டுட்டேன் சார்! முட்டில நல்ல அடி. ஆனா போட்டுட்டேன்!"

"சூப்பர் மேடம்! கப்பு எங்க?"

"கப்பா?" பட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அதோ, ஸ்கூட்டர்லயே உக்காந்துண்டிருக்கு. உள்ள வர வெக்கமா இருக்காம்."

ஜெபின் திரும்பிப் பார்த்தான். ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி ஸஹானா இறங்கி வந்தாள்.

"ஸாரி சார். 'திரும்பப் போய் ஆடு, ஆடு'ன்னு அம்மா தொணதொணத்துண்டே இருந்தா. 'ஒரு நாளாவது பந்தைத் தொட்டிருக்கியா நீ? என் தலைக்கு மேல ஒரே ஒரு கூடை போட்டுக் காட்டு, மறுநாளே போறேன். சார்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாது'ன்னு சொல்லிட்டேன்" என்றவள், அம்மாவின் முழங்காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நேத்திக்கும் நான் குதிச்சுட்டேன் சார்."