காரணம் கேட்கும் இன்ஜெக்டர்

பயணத்துக்கான காரணம் உண்மையாகவும் அவசியமாகவும் இருந்தால் மட்டுமே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இறுதியாண்டில் நான்தான் வடிவமைத்தேன். கல்லூரி வழக்கப்படி ஆய்வுக் கட்டுரையில் கைடு குணசீலன் சாரின் பெயர் முதலில் வந்தது. இரண்டாவது பெயருக்கு இடமில்லையாம். இன்று எல்லாக் கார்களிலும் அந்த இன்ஜெக்டர்தான். கோவையில் அதற்கு சர்வீஸ் பார்ப்பது நான்.

நேற்று மாலை சாரே கூப்பிட்டார். விருது வாங்கக் கிளம்பியவரின் கார் கல்லூரி வாசலிலேயே நின்றுவிட்டதாம். உடனே போனேன்.

"என்ன காரணம் சொன்னீங்க சார்?"

"என் கண்டுபிடிப்புக்கு விருது வாங்கப் போறேன்னேன். பொய்ங்குது."

"உண்மையைச் சொல்லிப் பாருங்களேன்."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கிடம் குனிந்தார். "என் ஸ்டூடண்ட் கண்டுபிடிச்சதுக்கு நான் விருது வாங்கப் போறேன்."

'உண்மை. அநாவசியப் பயணம்' என்று திரையில் வந்தது.

"டேய் தம்பி, மந்திரி வந்துட்டாராம்டா. ஏதாச்சும் பண்ணு!"

"வண்டியில ஒரு குறையும் இல்லீங்க சார். காரணத்தை மாத்துங்க."

என்னை முறைத்துவிட்டு, பல்லைக் கடித்தபடி காரிடம் சொன்னார்: "கண்டுபிடிச்சவனை மேடையேத்தக் கூட்டிட்டுப் போறேன்."

பொய் என்றது. மறுபடி சொன்னார். மறுபடியும் பொய். மூன்றாம் தடவை நிஜமாகவே முடிவு செய்திருக்க வேண்டும், எஞ்சின் உறுமியது.

"ஏறுடா" என்று முன்சீட்டைக் காட்டினார்.

"பின்னாடியே உக்காந்துக்கறேனுங்க சார். கதவை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க."

இறங்கி வந்து திறந்துவிட்டார்.