பதிவேட்டில் ரோசாலியா

பக்கத்துத் தெரு ரோசாலியா அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “நீயே பாருடி பாவ்லினா. எனக்குக் கை நடுங்குது.”

கை நடுங்கினால் கண்ணாடியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு அது. சர்க்கார் கோயிலைப் பூட்டிக் கோதுமைக் கிடங்காக்கிய வருஷம் என் அம்மா அதை எண்ணெய்த் துணியில் சுற்றி உருளைக்கிழங்குக் குழிக்குள் புதைத்தாள். வெளியே எடுத்து இத்தனை நாளாகியும் மண்வாசனை போகவில்லை. கோழி கிண்டியது போன்ற சாமியாரின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான். எங்களைப் போல ஜெர்மன் வம்சத்தில் வந்த மற்றவர்கள் ஜெர்மனிக்கே போய்விட்டார்கள்.

அக்காவும் போகப்போகிறாள், எழுபத்துமூன்று வயதில். மகன் விக்டர் பாவ்லோதார் நகரத்தில் பயணத் தாள்களோடு அலைகிறான். பிறப்புக்கு ஒரு சான்று வேண்டுமாம், அதற்காகத்தான் வந்தேன் என்றாள்.

அதற்காக இல்லை. எனக்குத் தெரியும்.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா மார்கரேத்தா சாகக் கிடந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கிழவி கண்ணை மூடியபடியே ரோசாலியா, ரோசாலியா என்று கூப்பிட்டாள். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கேதான் இருக்கிறேன் என்றாள். கிழவி கண்ணைத் திறந்து அவளை நன்றாகப் பார்த்தாள்.

“நீ இல்ல,” என்றாள். “ரோசாலியாவக் கூப்பிடு.”

அதற்குப் பிறகு அவள் பேசவேயில்லை.

சின்ன வயதில் தெருப் பிள்ளைகள் அக்காவைத் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று கேலி செய்வார்களாம். வீட்டில் எல்லோருக்கும் கோதுமைத் தாள் நிறத்தில் தலைமுடி, இவளுக்கு மட்டும் கரி. எல்லா ஊரிலும் உள்ள கேலிதான். ஆனால் இருபத்தொன்றாம் வருஷப் பஞ்சத்தில் எங்கள் பக்கத்தில் உண்மையாகவே தவிட்டுக்குப் பிள்ளைகள் கைமாறின. அதனால் அம்மாவின் கடைசிச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் அம்மா வயிற்றில் பிறந்தவள்தானா என்று பால் கறக்கும்போதும் கேட்பாள், துணி அலசும்போதும் கேட்பாள்.

அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். செப்டம்பரில் புனித ரோசாலியாவின் நாள், இவளுக்குப் பெயர்த் திருநாள். அம்மா, வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறிய மாவை மேலே தூவிக் கேக் சுடுவாள். மாவே கிடைக்காத வருஷங்களில் பீட்ரூட்டை வைத்து எதையோ ஒப்பேற்றுவாள். தம்பிகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டு. இவளுக்கு மட்டும் இரண்டு. இது ரோசாலியாவுக்கு, இதுவும் ரோசாலியாவுக்கு என்று சொல்லித் தட்டில் வைப்பாள்.

பெறாத பிள்ளைக்கு யாராவது இரண்டு துண்டு கொடுப்பார்களா என்று அக்கா என்னிடம் கேட்பாள். கொஞ்சம் பொறுத்து, பெறாத பிள்ளைக்குத்தான் அப்படிக் கொடுப்பார்களோ என்றும் கேட்பாள்.

1917, ஜனவரிப் பக்கத்தில் என் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தேன்.

ரோசாலியா. தகப்பன் வெண்டலின். தாய் மார்கரேத்தா.

அக்கா அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பாஸ்போர்ட்டில் பதினெட்டாம் வருஷம் என்று போட்டிருக்கிறான் பார், எனக்கு ஒரு வயசு கூடிப்போயிற்று என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷமாகிறது.

அப்புறம்தான் ஓரத்தைப் பார்த்தாள். சின்னதாக ஒரு சிலுவை. அதன் பக்கத்தில் அடுத்த வருஷத்து மார்ச் மாதத் தேதி.

சிலுவைக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செத்துப்போன பிள்ளையின் பெயரைப் பஞ்சத்தில் கிடைத்த பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அக்கா இப்படி நினைத்தது எனக்கு அப்படியே கேட்டது. தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். மேசைக்கு அடியில் காலால் ரப்பர் பூட்ஸைத் துழாவினாள். பதிவேட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று விக்டரிடம் சொல்லிவிடச் சொன்னாள்.

“உக்காருக்கா,” என்றேன். “சாமியார் இன்னும் எழுதி முடிக்கல.”

அந்தக் காலத்தில் பிள்ளை செத்தால் அடுத்துப் பிறப்பதற்கும் அதே பெயர்தான். இந்தப் பதிவேட்டில் ஒரே வீட்டில் மூன்று அந்தோன்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு கோயில் போயிற்று, சாமியாரும் போனார், அந்த வழக்கமும் போயிற்று. அக்கா அதைக் கண்டதேயில்லை.

பக்கங்களைப் புரட்டினேன். 1918, நவம்பர்.

ரோசாலியா. தகப்பன் வெண்டலின். தாய் மார்கரேத்தா.

ஓரத்தில் ஒன்றுமில்லை.

எழுத்து புரியாவிட்டாலும் அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொண்டே போனாள். திரும்பவும் முதலிலிருந்து. வெறுமையான ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பழைய பக்கத்துக்குப் போகச் சொன்னாள்.

அந்த ரோசாலியா எத்தனை மாதம் உயிரோடு இருந்தாள் என்று கேட்டாள். பதினாலு என்றேன்.

பல் முளைத்திருக்குமா என்று கேட்டாள். ஏழெட்டாவது இருந்திருக்கும் என்றேன்.

அக்கா அந்தச் சிலுவைமேல் விரலை வைத்தாள்.

“ரெண்டு துண்டையும் நானே தின்னுட்டேன்டி.”